அறிவித்தலின் கடன்: மலைச்சரிவும் விஞ்ஞானியும் சட்டமும்

அறிந்தவன் அறியாதவனுக்குக் கடன்பட்டவன் என்பது தமிழர் சிந்தனையில் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு கருத்தாகும். ஆயின் அக்கடன் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது எளிதில் விடை காணத்தக்க வினா அன்று. ஒரு மலைச்சரிவு நிலைகுலைந்து வருகின்றது என்பதைப் புவிச்சரிதவியலாளர் ஒருவர் கண்டறிகின்றார். அவர் அதனை அளந்து, வரைபடத்திற் குறித்து, அறிக்கையாக எழுதி, உரிய அலுவலகத்திற் சமர்ப்பிக்கின்றார். இவ்வளவில் அவர் கடமை நிறைவுறுகின்றதா? அவ்வறிக்கை வாசிக்கப்படாது போயின், அல்லது வாசிக்கப்பட்டும் செயற்படுத்தப்படாது போயின், அதன் விளைவில் அவருக்கும் பங்குண்டா? இவ்வினாவை வெறும் தருக்கப் பயிற்சியாகக் கொள்ளாது, உண்மையில் நிகழ்ந்த ஒன்றோடு பொருத்தி ஆராய்தலே பயனுடையது. அதற்குரிய களம் தொலைவில் இல்லை. ஊவா மாகாணத்தின் ஹல்துமுல்லைப் பிரதேசமே அக்களமாகும்.

மலையும் அதன் வரலாறும்

பதுளை மாவட்டத்தில், மத்திய மலைநாட்டின் தென்விளிம்பில் அமைந்துள்ளது ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவு. கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியாக ஏறிவரும் நெடுஞ்சாலை ஹல்துமுல்லையையும் பெரகலையையும் கடந்து, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவை நோக்கி இறங்குகின்றது. ஒருபுறம் செங்குத்தான பாறை முகடுகள். மறுபுறம் தாழ்ந்து விரியும் சமவெளி. இடைப்பட்ட சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்களும் அவற்றின் லயங்களும் அமைந்துள்ளன. காண்போர் கண்ணுக்கு இனிய இக்காட்சி புவியியலாளர் கண்ணுக்கு வேறொன்றையும் உணர்த்துவதாகும். முகடுகளின் பாறை நீண்ட காலமாக வானிலையால் அழிந்து, உடைந்து, கீழே உருண்டு, சரிவின் நடுப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் தளர்ந்த மண்ணும் கல்லுமாகக் குவிந்துள்ளது. அக்குவியலின் மேலேயே தேயிலை நடப்பட்டது, லயங்களும் கட்டப்பட்டன. மழைநீர் இப்படிவினுள் இறங்கும்போது மண்துகள்களிடையே நீரமுக்கம் உயர்கின்றது. துகள்களைப் பிணித்து நிற்கும் உராய்வு அதனாற் குறைகின்றது. ஓர் எல்லையைக் கடந்ததும், நெடுங்காலம் அசையாது நின்ற நிலம் சில நிமிடங்களிற் பாய்பொருளாக மாறிவிடுகின்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பருவப்பெயர்ச்சி இடைக்கால மழை இப்பகுதிக்கு ஆபத்தான காலமாக அமைவதன் காரணம் இதுவே.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை ஏழரை மணியளவில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தின் லயங்கள் மலைச்சரிவினாற் புதையுண்டன. பாடசாலை சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடிருந்த இடத்திற் சேற்றையே கண்டனர். முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாக அஞ்சப்பட்டது. பின்னர் அவ்வெண்ணிக்கை பத்துக்களாகக் குறைந்தது. பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை.

இந்நிகழ்ச்சி எவரும் எதிர்பாராத ஒன்றன்று என்பதே ஈண்டு நோக்கற்பாலது. 1980களின் பிற்பகுதியில் மலைநாட்டில் நிகழ்ந்த சரிவுகளை அடுத்து, 1990ஆம் ஆண்டளவிற் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே மண்சரிவு அபாய வரைபடமாக்கல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அப்பணியை மேற்கொண்டது. மீரியபெத்த மக்கள் வேறிடத்திற்குச் செல்ல வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலும் மீண்டும் 2011ஆம் ஆண்டிலும் அறிவுறுத்தப்பட்டிருந்தமையை அனர்த்தத்தின் பின்னர் அரச அதிகாரிகளே பகிரங்கமாகத் தெரிவித்தனர். எனவே, இங்கு அறிவு இல்லாமற் போகவில்லை. அறிவித்தலும் இல்லாமற் போகவில்லை. இரண்டும் இருந்தும் மக்கள் மாண்டனர். இவ்விடத்திலேயே அறவியல் வினா எழுகின்றது.

விலகி நிற்றல் என்னும் கொள்கை

விஞ்ஞானி தம் முடிவைக் கூறியதோடு நின்றுவிட வேண்டும் என்போர் தம் கொள்கைக்கு வலிமையான ஆதாரங்கள் உடையர். முதலாவது தருக்கம் சார்ந்தது. ‘உள்ளது’ என்பதிலிருந்து ‘செய்ய வேண்டியது’ என்பதை நேரே பெறுதல் இயலாது என்பதனைப் பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் எடுத்துக்காட்டினார். மலை சரியக்கூடும் என்பது உள்ளது பற்றிய கூற்று. மக்கள் அங்கிருந்து அகற்றப்பட வேண்டும் என்பது செய்ய வேண்டியது பற்றிய கூற்று. முதற் கூற்றுக்கு அதிகாரம் பெற்றவர் இரண்டாவது கூற்றுக்கும் அதிகாரம் பெற்றவராகிவிடுவதில்லை. அகற்றுவதற்குரிய செலவு, அகற்றப்படுவோரின் தொழில், பிள்ளைகளின் கல்வி, கோயில், உறவு ஆகியனவெல்லாம் மண்ணியல் அளவீடுகளுள் அடங்குவன அல்ல.

இரண்டாவது ஆதாரம் ஜனநாயகம் சார்ந்தது. சட்டம் ஆக்குவோர் மக்களாற் தெரிவு செய்யப்பட்டவர். தவறின் மக்களால் நீக்கப்படக்கூடியவர். விஞ்ஞானியோ எவராலும் தெரிவு செய்யப்படாதவர். அவர் தம் பட்டத்தின் வலிமையால் ஆட்சி முடிவுகளைத் தாமே எடுக்க முற்படின், அது நிபுணர் ஆட்சியாக மாறிவிடும். மூன்றாவது ஆதாரம் விஞ்ஞானத்தின் நன்மதிப்புப் பற்றியது. ஒரு முறை கட்சிச் சார்புடையவர் எனப் பெயர் பெற்ற விஞ்ஞானியின் உண்மைக் கூற்றும் பின்னர் ஐயுறவுடனேயே கேட்கப்படும்.

1917இல் மியூனிக் நகரில் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவில் மாக்ஸ் வெபர் இக்கொள்கையின் செம்மையான வடிவத்தை முன்வைத்தார். விரிவுரை மேடையிலிருந்து அரசியல் போதித்தலை அவர் கண்டித்தார். ஆயினும் அவர் விஞ்ஞானியை ஊமையாக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இன்ன நோக்கத்தை விரும்பின் இன்ன வழியே உண்டு, அவ்வழிக்கு இன்ன விலை கொடுத்தல் வேண்டும், அவ்விலையைக் கொடாவிடின் இன்ன விளைவு நேரும் என்று தெளிவாகக் கூறுதல் விஞ்ஞானத்தின் கடமை என்பதே அவர் கருத்து. விலகி நிற்றல் என்பது வாய்மூடி நிற்றல் ஆகாது.

யாருக்கு அறிவித்தல்?

இனி, மீரியபெத்தவின் நிலையை இவ்வளவுகோலினால் அளந்து பார்க்கலாம். எச்சரிக்கை விடுக்கப்பட்டது உண்மை. ஆனால் அது யாருக்கு விடுக்கப்பட்டது? இறுதியில் அது போய்ச் சேர்ந்தது லயத்தில் வாழ்ந்த தொழிலாளரிடமே. அவரிடம் ‘இவ்விடத்தை விட்டுச் செல்க’ எனக் கூறப்பட்டது. எங்கே செல்வது என்பதற்கு அவரிடம் விடையில்லை. அவர் வாழ்ந்த நிலம் அவருடையதன்று, வீடும் அவருடையதன்று. வீடு தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. வீட்டை விடுதல் நாட்கூலியையும் விடுதலாகும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் இழந்து, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை படிப்படியாகவே உரிமைகளை மீளப்பெற்ற ஒரு சமூகத்தின் வழித்தோன்றல்கள் அவர்கள். காணியுரிமை என்பது அவர்களுட் பெரும்பாலோருக்கு அக்காலத்தில் எட்டாத ஒன்றாகவே இருந்தது.

இன்னுமொன்று கருதத்தக்கது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளிற் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிட்டுப் பணி செய்வதற்குத் தடையாக அமைந்திருந்தது. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஆகவே, 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்தபோது, அம்மக்களுக்கு மிக அண்மையில் இருந்த மக்களாட்சி நிறுவனம் சட்டத்தாற் கைகட்டப்பட்டு நின்றது. மலையின் பிளவைப் புவிச்சரிதவியலாளர் கண்டார். அவ்வரைபடத்திற் காணப்படாத மற்றொரு பிளவு சட்டத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திய இடத்திலேயே மக்கள் வாழ்ந்தனர்.

இதனால் ஓர் உண்மை பெறப்படுகின்றது. எச்சரிக்கை என்பது கூறுவோன் வாயிலிருந்து புறப்பட்டதும் நிறைவுறும் செயலன்று. செயற்படும் ஆற்றல் உடையவனைச் சென்றடைந்தபோதே அது நிறைவுறுகின்றது. ஆற்றலற்றவனுக்கு மட்டும் விடுக்கப்படும் எச்சரிக்கை அவனைக் காப்பதில்லை. மாறாக, ‘முன்னரே சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை’ என்று பின்னாற் கூறுவதற்கு வழிவகுத்து, பொறுப்பின் சுமையைப் பாதிக்கப்பட்டவன் தலைமேல் ஏற்றிவிடுகின்றது. இது அறத்தின் பாற்படுவதன்று. எவ்வளவு நன்னோக்கோடு விடுக்கப்பட்டதாயினும், அத்தகைய எச்சரிக்கை குறைவுற்ற எச்சரிக்கையே.

இந்நிலை ஹல்துமுல்லைக்கு மட்டும் உரியதன்று. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள் இரவு, கேரளத்தின் மூணாறுக்கு அண்மையிலுள்ள பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் மலைச்சரிவினாற் புதையுண்டபோது மாண்ட எழுபதளவான மக்களும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினரே. கடலாற் பிரிந்த இரு நாடுகளில், ஒரே வகைச் சரிவின் கீழ், ஒரே வகைக் குடியிருப்பில், ஒரே மொழி பேசுவோர் மாண்டமை தற்செயலாக நேர்ந்ததன்று. மலைச்சரிவு இயற்கையின் செயல். அச்சரிவின் கீழ் யார் உறங்குவது என்பதோ மனிதர் செய்த முடிவு.

விஞ்ஞானி பேசும்போது நேரும் இடர்கள்

இவ்வாறாயின் விஞ்ஞானி சட்டவாக்குநரிடம் நேரே செல்லுதல் வேண்டும் என்பது பெறப்படுகின்றது. ஆயின் அவ்வழியும் இடர் நிறைந்ததே. முதலாவது இடர் ஐயத்தின் தன்மை பற்றியது. மலை சரியும் என்பதை விஞ்ஞானி அறிவார். எந்நாளிற் சரியும் என்பதை அறியார். 2005இல் எச்சரிக்கப்பட்ட சரிவு 2014இலேயே வீழ்ந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ஒவ்வொரு மழைக்காலமும் அவ்வெச்சரிக்கையைப் பொய்ப்பித்தது போலவே தோன்றியிருக்கும். பாராளுமன்றத்தின் ஆயுள் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள். வரவுசெலவுத் திட்டத்தின் ஆயுள் ஓராண்டு. மலையின் காலக்கணக்கோ வேறு. ‘இன்று வருமா?’ என்று வினவுவோருக்கு ‘வரக்கூடும்’ என்று விடை கூறுவோர் எப்பொழுதும் வலுவற்றவராகவே தோன்றுவர்.

இரண்டாவது இடர் இதற்கு எதிரானது. இத்தாலியில், 2009ஆம் ஆண்டு ஏப்ரில் 6ஆம் நாள் லாகுயிலா நகரை அழித்த புவிநடுக்கத்தில் 309 பேர் மாண்டனர். அதற்கு ஒரு வாரத்திற்கு முன்னர், சிறு நடுக்கங்களால் அஞ்சியிருந்த மக்களை அமைதிப்படுத்தும் வகையிற் கருத்துக்கள் வெளியிடப்பட்டன என்பதற்காக, ஆறு விஞ்ஞானிகளும் ஓர் அரச அதிகாரியும் 2012இற் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றனர். 2014 நவம்பர் 10ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் விஞ்ஞானிகள் அறுவரையும் விடுவித்தது. மீரியபெத்த புதையுண்டு அப்பொழுது இரு வாரங்களும் நிறையவில்லை. ஒரு நாட்டில் விஞ்ஞானிகள் அச்சத்தைத் தணித்ததற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறினர். மற்றொரு நாட்டில் அவர்கள் எச்சரித்தும் எவரும் கூண்டில் ஏறவில்லை. லாகுயிலா தரும் படிப்பினை நுண்ணியது. விஞ்ஞானி அரசுக்கு அண்மையிற் செல்லுந்தோறும், அரசு விரும்பும் சொல்லைத் தம் வாயால் வழங்கிவிடும் அபாயமும் வளர்கின்றது. அமைதி காக்க விரும்புவோன் ஆட்சியாளன். உண்மை காக்க வேண்டியவன் விஞ்ஞானி. இருவரும் ஒரே மேசையில் அமரலாம். ஒரே குரலிற் பேசுதல் ஆகாது.

மூன்றாவது இடர் உண்மை கூறியவனுக்கு நேரும் தனிப்பட்ட இழப்பாகும். தாய்லாந்தின் வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த சிமித் தர்மசரோஜா, அந்நாட்டின் கரையைச் சுனாமி தாக்கக்கூடும் என்று 1998இல் எச்சரித்தார். உல்லாசப் பயணத் தொழிலைக் கெடுப்பவர் என்று பழிக்கப்பட்டு அவர் ஒதுக்கப்பட்டார். 2004 டிசம்பரின் பேரலைக்குப் பின்னரே அரசு அவரை மீண்டும் அழைத்தது. கப்பலின் மாலுமிகள், விண்மீன்களை நோக்கி வழியறியும் உண்மையான மீகாமனைப் பயனற்ற விண்நோக்கி என்று எள்ளுவர் எனப் பிளேற்றோ தம் ‘குடியரசு’ நூலிற் கூறிய உவமை இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

நான்காவது இடர் காலந்தாழ்த்தல். கொலம்பியாவில் நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலையின் அபாய வரைபடம் 1985 ஒக்டோபரிலேயே ஆயத்தமாயிருந்தது. நவம்பர் 13ஆம் நாள் எரிமலைச் சேறு ஆர்மேரோ நகரை மூடி இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வரைபடம் சரியாகவே இருந்தது. அதனைக் கட்டளையாக மாற்றும் கை மட்டும் இருக்கவில்லை.

இடைவழி

விலகி நிற்பதும் குறைவுடையது. கலந்துவிடுவதும் குறைவுடையது எனின், இடைவழி யாது? அரசியல் பற்றிய 1919ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் வெபர் இருவகை அறங்களைப் பிரித்துக் காட்டினார். நம்பிக்கையின் அறம், தான் சரியெனக் கொண்டதைச் செய்துவிட்டு விளைவை உலகிடம் விட்டுவிடுவது. பொறுப்பின் அறம், தன் செயலின் எதிர்பார்க்கத்தக்க விளைவுகளுக்கும் தன்னைப் பொறுப்பாக்கிக் கொள்வது. ‘அறிக்கை எழுதிவிட்டேன்’ என்பவர் முதலாவதன்பாற்பட்டவர். எழுதிய அறிக்கை இன்ன நிலையில் இன்னவாறு முடங்கும் என்பதை எதிர்பார்க்கக்கூடிய ஒருவர், அந்த எதிர்பார்ப்பிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்ள இயலாது. எனவே, பொறுப்பின் அறம் விஞ்ஞானியையும் பிணிக்கின்றது. ஆனால் அது அவரை ஆட்சியாளராக்கவில்லை. தம் கூற்றை முடிவெடுக்கத்தக்க வடிவில், முடிவெடுக்கத்தக்கவரிடம், முடிவெடுக்கத்தக்க காலத்திற் சேர்க்கும் கடமையையே அவர்மேற் சுமத்துகின்றது. முடிவு சட்டவாக்குநருடையது. முடிவெடுக்காமல் நழுவ இயலாதவாறு வினாவை அவர் முன்னே நிறுத்துதல் விஞ்ஞானியுடையது.

இக்கடமை நடைமுறையில் நான்கு கூறுகளை உடையது எனலாம்.

ஒன்று, ஐயத்தை மறைக்காது, ஆயின் அதனைச் செயலோடு இணைத்துக் கூறுதல். இதற்கு இலங்கையிலேயே நல்ல உதாரணம் உண்டு. இருபத்து நான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு, 100 மில்லிமீற்றர் எனின் வெளியேற ஆயத்தம், 150 மில்லிமீற்றர் எனின் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த படிநிலைகள், ‘எப்பொழுது வரும்’ என்னும் விடையற்ற வினாவை ‘எப்பொழுது எழுந்து செல்வது’ என்னும் விடையுள்ள வினாவாக மாற்றின. இன்று செய்மதிகளின் கதிரலை அளவீடுகள் நிலத்தின் மெல்லிய நகர்வுகளையும் காட்டவல்லன. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்ரினல்-1 செய்மதி விண்ணில் ஏவப்பட்டதும் அதே 2014ஆம் ஆண்டின் ஏப்ரிலிலேயே. கருவி வளர வளர, ‘அறியோம்’ என்னும் சாட்டு சுருங்கிவருகின்றது. ஆயின் படிநிலை எச்சரிக்கை ஓரிரவைக் காக்குமேயன்றி ஒரு தலைமுறையைக் காவாது. ஒவ்வொரு மழைக்கும் பாடசாலைக் கட்டடத்தில் உறங்கச் செல்லும் வாழ்க்கையை எவரும் தீர்வு என்று கூறார்.

இரண்டு, விஞ்ஞானி தம் அறிவு எந்தச் சட்டத்தின் வாயிலாகச் செயலாகும் என்பதைக் கற்றுக்கொள்ளுதல். காணி யாருடையது, குடியமர்த்தும் கடமை யாருக்கு, நிதி எத்தலைப்பின் கீழ் வரும் என்பன மண்ணியல் வினாக்கள் அல்ல என்பது உண்மையே. ஆயினும் அவ்வினாக்களுக்கு விடை காணாத எச்சரிக்கை எங்கே தேங்கும் என்பதை மேலே கண்டோம். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சனாதிபதியைத் தலைவராகவும் பிரதமரை உபதலைவராகவும் எதிர்க்கட்சித் தலைவரை உறுப்பினராகவும் கொண்ட தேசிய பேரவையொன்றை உருவாக்கியது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருங்கே அமரும் அத்தகைய அவை கட்சிச் சார்பற்ற அறிவுரைக்கு மிகவும் உரிய இடமாகும். 2015இன் இறுதியிற் பாராளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழுக்களும் தோன்றின. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களிடமுள்ள தகவலைக் குடிமக்கள் கேட்டுப் பெற வழி வகுத்தது. வாயில்கள் முற்றாக மூடப்பட்டிருக்கவில்லை; அவ்வாயில்களைத் தட்டும் பழக்கமே குறைவு. ஏனைய நாடுகளில் இது தனிமனிதர் விருப்பத்திற்கு விடப்படாது நிறுவனமாக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 1973 முதல் விஞ்ஞானிகள் ஓராண்டு காலம் காங்கிரஸ் அலுவலகங்களிற் பணியாற்றும் முறை உண்டு. பிரித்தானியப் பாராளுமன்றம் 1989இல் விஞ்ஞான தொழினுட்ப அலுவலகமொன்றை அமைத்துக்கொண்டது.

மூன்று, மக்களிடம் கேட்டல். சரிவில் வாழ்வோர் வெறும் பாதிக்கப்படுவோர் மாத்திரமல்லர், அவர்கள் சாட்சிகளுமாவர். சுவரிலே புதிதாகத் தோன்றிய வெடிப்பு, கலங்கி வரத் தொடங்கிய ஊற்று, திடீரென வற்றிய நீரோடை, சாய்ந்து நிற்கும் மரம், இறுகித் திறவாத கதவு ஆகியன புவிச்சரிதவியலாளர் தேடும் அறிகுறிகளே. அவற்றை நாள்தோறும் காண்பவர் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்ணே. அவர் சொல்லைப் பதிவு செய்யும் அறிக்கை அளவீட்டில் செம்மை பெறுவதோடு, அவருடைய மொழியில் அவருக்கே திருப்பிக் கூறப்படும் தகுதியையும் பெறுகின்றது. தமிழ் அரசகரும மொழியாக ஏற்கப்பட்டது 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தாலாகும். அபாய அறிவித்தல் வேற்று மொழியில் மட்டும் ஒட்டப்படும் இடத்தில் அது அறிவித்தல் ஆகாது.

நான்கு, எழுத்து மூலமான விடையைக் கோருதல். இதுவே மிக எளியதும் மிக அரியதுமாகும். அபாய அறிக்கையொன்று சமர்ப்பிக்கப்பட்டதும், பொறுப்புடைய அதிகாரி அல்லது அமைச்சர் குறித்த காலத்துள் ‘ஏற்கின்றேன்’ என்றோ ‘ஏற்கவில்லை, காரணம் இது’ என்றோ எழுத்தில் விடையளித்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு சட்டத்தில் இடம்பெறுமாயின், விஞ்ஞானி ஆட்சியாளராக வேண்டியதில்லை, ஆட்சியாளரும் விஞ்ஞானியின் பின்னே ஒளிந்துகொள்ள இயலாது. மௌனமே இங்கு பெரும் குற்றவாளி. விடையளிக்கும் கடமை அம்மௌனத்தை முறிக்கின்றது.

எதிர்வாதம் ஒன்று

இவ்வளவும் ஏழை நாடொன்றின் விஞ்ஞானி மேல் அளவுக்கு மிஞ்சிய சுமையை ஏற்றுகின்றதன்றோ என்று வினவலாம். குறைந்த ஊதியம், போதாத ஆளணி, அரச சேவையாளருக்குரிய கட்டுப்பாடுகள் ஆகியவற்றிடையே அவர் செயற்படுகின்றார். அவர் அமைச்சரை வற்புறுத்தின் இடமாற்றம் பெறுவார். இவ்வாதத்தில் உண்மை உண்டு. அதனாலேயே இக்கடமை தனிமனிதரின் வீரத்தை நம்பி நிற்றல் ஆகாது. பல்கலைக்கழகங்கள் இவ்விடத்தில் முக்கியம் பெறுகின்றன. அரச நிறுவனத்தின் அலுவலர் கூற இயலாததைப் பல்கலைக்கழக ஆசிரியர் கூறலாம். ஒருவர் கூற இயலாததைப் பலர் ஒருங்கே கூறலாம். கல்விச் சுதந்திரம் என்பது ஆசிரியருக்குக் கிடைத்த சலுகையன்று. வேறெவரும் சொல்ல முடியாததைச் சொல்வதற்காகச் சமூகம் அவரிடம் ஒப்படைத்த நம்பிக்கைப் பொருள் அது. அதனைப் பயன்படுத்தாது பேணுதல், விதைநெல்லை விதைக்காது பூட்டி வைத்தலை ஒக்கும்.

மேலும், கடமை ஒருபக்கமானதன்று. அரசன் தானும் அறியாதவனாய், அறிந்தோர் சொல்லையும் ஏலாதவனாய் இருப்பினும், உறுதி பயப்பவற்றை எடுத்துரைத்தல் உடனிருப்போர் கடன் என்பது வள்ளுவர் ‘அமைச்சு’ அதிகாரத்திற் கூறும் கருத்து. ஆயின் அவரே ‘இறைமாட்சி’ அதிகாரத்தில், செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக் கேட்கும் பண்பை வேந்தனுக்குரிய சிறப்பாக வைத்தார். கூறும் கடனும் கேட்கும் கடனும் இணைந்த இரட்டைக் கடன்கள். கூறுவோர் தம் பங்கை நிறைவேற்றிய பின்னரே கேளாதோரின் குற்றம் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாகும்.

முடிவுரை

மீரியபெத்தவில் எஞ்சிய குடும்பங்களுக்கெனப் பூனாகலைப் பகுதியில் மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டப்பட்டு 2016இற் கையளிக்கப்பட்டன. அதற்கு இரண்டாண்டுகள் சென்றன. அவ்வீடுகள் 2006இலோ 2012இலோ கட்டப்பட்டிருக்க முடியாதா என்னும் வினா தவிர்க்க இயலாதது. அவற்றைக் கட்டுவதற்கு வேண்டிய அறிவு அன்றும் இருந்தது, நிலமும் இருந்தது. இல்லாதிருந்தது இறப்பு ஒன்றே. இறப்பு நிகழ்ந்த பின்னரே அறிவு செயலாக மாறுமாயின், அச்சமூகத்தில் அறிவின் விலை உயிராகின்றது. அவ்விலையை எப்பொழுதும் ஒரே சாராரே செலுத்துகின்றனர்.

2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் லயங்கள் சரிவிற்கு ஆளாயின. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலின் மழையால் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் பல இடங்களிற் சரிந்தன. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆகவே, இவ்வினா முடிந்துபோன ஒன்றன்று. ஒவ்வொரு ஒக்டோபரிலும் அது புதிதாக எழுப்பப்படுகின்றது.

விஞ்ஞானியின் கடன் மலையைத் தடுத்து நிறுத்துதல் அன்று, அஃது இயலாதது. சட்டம் ஆக்குதலும் அன்று. அஃது அவருக்கு உரியதன்று. தாம் அறிந்ததைச் செயற்படவல்லார் செவியிற் சேர்த்து, விடை பெறும் வரை வாயிலில் நிற்றலே அவர் கடன். அவ்வாறு நின்ற பின்னரும் கதவு திறவாதாயின், பழி உள்ளே இருப்போருடையது. ஒரு முறை தட்டிவிட்டுத் திரும்பியவரோ, அப்பழியில் தமக்குப் பங்கில்லை என்று கூறுதல் அரிது.